பதினான்காம் வரியின் கடைசிக் கட்டம்

பதினான்காம் வரியில் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது. மற்றக் கட்டங்களில் எல்லாம் அண்ணாவின் குண்டு குண்டான கையெழுத்து, நீல மசியில். கோடுகள் சிவப்பு மசியில், ரூல் தடியை உருட்டி இழுத்தவை. இத்தனை வருஷம் ஆகியும் ஒரு கோடு கோணவில்லை. அண்ணா கடற்கரைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தான். எந்தக் கப்பலில் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை நனைந்தது என்று நாள் முழுக்கக் கட்டம் போட்டு நிரப்புவதுதான் அவன் உத்தியோகம். சட்டையில் பொத்தான் இல்லாவிட்டால் கவனிக்க மாட்டான். ஒரு கட்டம் விட்டுப்போனால் சோறு இறங்காது. பதினைந்தாம் வரி என்னுடையது. அதிலும் கடைசிக் கட்டம் காலிதான், நான் இன்னும் போய்ச் சேரவில்லையே! ஆனால் பதினான்காவது அக்காவின் வரி. அண்ணா சாகும்வரை அதை நிரப்பவில்லை.

அது ஆரம்பித்தது அக்காவின் கல்யாணத்துக்கு முன்பு, சுமங்கலிப் பிரார்த்தனை அன்று. மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. கணவன் இருக்கையிலேயே போய்விட்ட பெண்களை நினைத்து, புதுப் புடவை வைத்து, அவர்கள் பெயரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் எங்களில் கல்யாண வேலை தொடங்கும். பெரிய அத்தை ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனாள். கூடத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த அண்ணா கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். சாப்பாட்டின்போது, "இத்தனை பேரா அத்தே? எல்லாரும் எப்படிப் போனா?" என்றான். "பிள்ளைப்பேத்துல போனாடா. இந்த ஆத்துப் பொண்களுக்கு ஏதோ சாபம். விசேஷ நாள்ல அதெல்லாம் என்ன பேச்சு? மோரை விட்டுண்டு எழுந்திரு" என்றாள் பெரிய அத்தை. எல்லாரும் மோரை விட்டுக்கொண்டு எழுந்தார்கள். அண்ணா மட்டும் எச்சில் கை காய உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வாரமே ஆபீசிலிருந்து பாதி எழுதிக் கழித்த பேரேடு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். பெயர், யார் பெண், பிறந்த வருஷம், யாருக்கு வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவம் எந்த வருஷம், எத்தனையாம் நாள் என்ன ஆயிற்று, முடிவு. இப்படித் தலைப்புகள். நிரப்புவது லேசாக இல்லை. சாவுச் செய்தி எழுதி வரும் கடுதாசியைப் படித்த உடனே வாசலிலேயே கிழித்துப் போடுகிற குடும்பம் எங்களுடையது. ஒரு துண்டுச் சீட்டுக்கூட மிச்சமில்லை. திதி தெரிய வேண்டி வாத்தியார் வீட்டுக்கு நடையாய் நடந்தான். தூரத்துச் சொந்தங்களுக்குக் கார்டு போட்டான். பிரசவ சமாசாரத்தை ஓர் ஆண்பிள்ளையிடம் எந்த அத்தை சொல்வாள்? "வெக்கம் கெட்டவனே, உனக்கு வேற வேலை இல்லையா?" என்று விரட்டினார்கள். வெட்கம் கெட்டவனாகவே மறுபடியும் போய் நின்றான். மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இதற்கே போயின. எனக்கு அப்போது பதினாலு வயது. பேரேட்டைத் திறந்தாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் எனக்கும் அது பிடிக்காது. இன்று நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

'எங்கே' என்ற தலைப்பை அவன் கடைசியில்தான் சேர்த்தான். சேர்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் என்பது எங்கள் வழக்கம். ஆகவே எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் முதல் பிரசவத்துக்கு இங்கேதான் வருவார்கள். புழக்கடையை ஒட்டிய, ஜன்னல் இல்லாத அந்த அறையில்தான் பெறுவார்கள். எங்களுக்கு முன்னால் பிறந்த பெண்கள் ஒன்பது பேர். ஐந்து பேர் தலைப்பிரசவத்தில் போனவர்கள், ஐவரும் அந்த அறையில். பிழைத்த நால்வரில் மூவர் ஏதோ காரணத்தால் வேறிடத்தில் பெற்றவர்கள். ஒருத்தி நாகபுரியில் பெற்றவள். புருஷனுக்கு அங்கே ரயில்வேயில் வேலை, லீவு கிடைக்கவில்லை. சின்ன அத்தை ஒருத்திதான் இந்த அறையில் பெற்றுப் பிழைத்தவள். அதற்கும் மேலாக, இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, இரண்டாம் பிரசவத்தை இங்கே வைத்துக்கொண்ட இருவரும் இதே அறையில் காய்ச்சல் கண்டு போயிருந்தார்கள். அவர்கள் வேறு வீட்டுப் பெண்களாயிற்றே, எங்கள் வீட்டுச் சாபம் அவர்களை எப்படித் தொட்டது? சாபம் பெண்கள் மேல் இல்லை, அறையிலோ மருத்துவச்சியின் கத்தியிலோ கையிலோ இருக்கிறது என்று அண்ணாவுக்குப் புரிந்த அன்று, அக்காவுக்கு ஐந்தாம் மாதம்.

அக்காவைப் புது மாம்பலத்தில் கொடுத்திருந்தோம். அப்போதுதான் ஏரியைத் தூர்த்து மனை போட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடு எழும்பிக்கொண்டிருந்த இடம். சீமந்தம் முடிந்து, இரண்டு கையிலும் வளையல் குலுங்க அவள் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். அன்று சாயங்காலமே அண்ணா பேரேட்டை எடுத்துக்கொண்டு அப்பா முன்னால் உட்கார்ந்தான். அப்பா கோர்ட்டில் தஸ்தாவேஜு படித்துப் பழகியவர். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். திருப்பி ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டில் துடைத்துக்கொண்டே, "ஆஸ்பத்திரின்னா எப்போ போய்ச் சொல்லி வைக்கணும்?" என்று கேட்டார். கதவோரம் நின்றிருந்த நான் கேட்டேன். என் காதால் கேட்டேன். அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார்!

காப்பி கொண்டுவந்த அம்மா குனிந்து பார்த்தாள். அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். அக்கா பெயரைக் கண்டுபிடித்தாள். அந்த வரியில் விரலை நகர்த்திக்கொண்டே போனாள். பிறந்த வருஷம், ஆம்படையான் பெயர், அதற்கப்புறம் வெற்றுக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. தலைப்பை நிமிர்ந்து பார்த்தாள். 'முடிவு' என்று எழுதியிருந்தது.

"இது என்னடா கட்டம்?"

அண்ணா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "எல்லாருக்கும் ஒரே மாதிரிதாம்மா போட்டிருக்கு" என்றான். கோடு என்றால் தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுப்பது அவன் தொழில். மூட்டைகளுக்கு இழுத்தபடியே அக்காவுக்கும் இழுத்துவிட்டான். அதில் ஒரு தாயின் கண்ணுக்கு என்ன படும் என்று அந்த மகாபுத்திசாலிக்குத் தோன்றவே இல்லை.

"உசிரோட, வயத்துல ஒண்ணைச் சுமந்துண்டு வந்திருக்கறவளுக்கு முடிவுன்னு கட்டம் போட்டு வெச்சிருக்கியேடா, பாவி! யார் வந்து நிரப்பணும்னு போட்டே?" அம்மாவின் குரல் தெருவுக்குக் கேட்டது. "நான் இவளை அந்த அறையிலதான் பெத்தேன். சின்னவளையும் அங்கதான் பெத்தேன். செத்தா போயிட்டேன்?" அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்து, "நான் இங்கயே இருக்கேம்மா, நீ அழாதே, அண்ணாவைத் திட்டாதே" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேரேட்டை மூடினார். "எடுத்துண்டு போ. இனிமே இதை என் கண்ல காட்டாதே" என்றார். காப்பியை யாரும் குடிக்கவில்லை.

அண்ணா அதோடு விடவில்லை. மாம்பலத்துக்குப் போய் அத்திம்பேரிடம் பேசினான். "பிறந்தாத்துப் பெரியவா பார்த்துச் செஞ்சா சரி" என்று அவர் கை கழுவிக்கொண்டார். மந்தைவெளிப் பக்கத்திலிருந்து வரும் மருத்துவச்சியிடம் போய், கத்தியை வெந்நீரில் கொதிக்க வை, சோப்புப் போட்டுக் கை கழுவு என்று கெஞ்சினான். "இன்னா சாமி, அந்தப் பொண்ணே என் கையில பொறந்த கொயந்ததான? அத்த நான் வுட்டுடுவனா?" என்றாள் அவள். கெட்டவள் இல்லை. அவன் வாங்கிக் கொடுத்த சோப்பைப் போட்டுக் கழுவத்தான் செய்தாள். கழுவிவிட்டு, நாலு வீடு சுற்றி வந்த புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். அது தப்பென்று அன்று எனக்குத் தெரியாது.

பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் அக்காவுக்குக் குளிர் கண்டது. ஐந்தாம் நாள் அண்ணா யாரையும் கேட்காமல் ஒரு லேடி டாக்டரை ஜட்காவில் கூட்டிவந்தான். அந்த அம்மாள் பார்த்துவிட்டு வெளியே வந்து, "முன்னாடியே ஏன் சொல்லலை?" என்று அண்ணாவைத்தான் கேட்டாள். ஒன்பதாம் நாள் காலையில் அக்கா போய்விட்டாள். குழந்தை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

"கட்டம் போட்டான். எமன் வந்து நிரப்பிட்டான்." அம்மா கண்ணை மூடும்வரை சொன்ன வார்த்தை இதுதான். யார் துக்கம் கேட்க வந்தாலும் சொன்னாள், பிறகு துக்கமே இல்லாமல் பால்காரனிடம்கூடச் சொன்னாள். அண்ணா கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அவன் ஒருநாளாவது, "நான் சொன்னபடி கேட்டிருந்தால்" என்று திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா? கேட்கவில்லை. என் கல்யாணத்துக்கு முன் சுமங்கலிப் பிரார்த்தனை வந்தது. அக்கா பெயரையும் சேர்த்துச் சொல்லி, அவளுக்காக ஒரு வெங்காய நிறப் புடவை வைத்தார்கள். அன்று அண்ணா விடிவதற்கு முன்பே சாந்தோம் கடற்கரைக்குப் போய்விட்டான். விளக்கு வைத்த பிறகுதான் வந்தான்.

அக்கா போய் நாலு வருஷம் கழித்து எனக்குத் தலைப்பிரசவம். "இவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம்" என்று அப்பா சொன்னார். அம்மா மறுக்கவில்லை. பேரேட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் பிழைத்தேன். அதைப் பாக்கியம் என்கிறார்கள். அண்ணாவின் கணக்கு எனக்காகவா ஒத்துக்கொள்ளப்பட்டது? அக்கா செத்துக் காட்டினாள், அதனால் ஒத்துக்கொண்டார்கள். அவள் வாழ வேண்டிய வாழ்க்கையில்தான் நான் இத்தனை வருஷமும் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறேன். இதற்கு ஆறுதல் சொல்ல யாரும் வர வேண்டாம், எனக்குக் கோபம்தான் வரும்.

இப்போது அண்ணாவின் பிள்ளை, அவனே பென்ஷன் வாங்குகிறவன், அடையாற்றில் தன் பிளாட்டில் உட்கார்ந்து அந்தப் பேரேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். அதிலும் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. போன வாரம் என்னை அழைத்துக் காட்டினான். தலைப்பிரசவத்தில் அந்த அறையில் பிழைத்தவர்கள் இரண்டு பேர் என்று கீழே கூட்டிப் போட்டிருந்தது. சின்ன அத்தை ஒருத்திதானே என்றேன். அவன் பதினான்காம் வரியைக் காட்டினான். அக்கா பெயருக்கு நேரே வயது எண்பத்தேழு என்றிருந்தது.

"கடைசிக் கட்டம் காலியா இருந்தா அவா இருக்கான்னு இது எடுத்துக்கும் அத்தே. அப்பா ஏன் எழுதாம விட்டார்னு தெரியலை. தேதி சொல்லுங்கோ, போட்டுடறேன்."

எனக்குத் தெரியும், ஏன் விட்டான் என்று. அம்மா சொன்னதை அவனும் நம்பிவிட்டான். தான் கண்டது சரி என்பதற்கு அந்த ஒரு வரிதான் பெரிய ருசு என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? நிரப்பினால் தானே கொன்றதாகும் என்று பயந்து, தன் கணக்கையே பொய்யாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், மடையன், என் அண்ணா. எண்பத்தேழு வயது அக்காவை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பல் போயிருக்கும், வளையல் கழன்று விழும் கையாகியிருக்கும். என்னை இன்னும் அதட்டிக்கொண்டிருப்பாள்.

திதியைச் சொன்னேன். அது இதற்குத் தெரியாது, இங்கிலீஷ் தேதி வேண்டும் என்றான். அதுவும் எனக்குத் தெரியும். எங்கள் கூடத்தில் நாள்காட்டியின் அந்தத் தாளை வருஷம் முழுக்க யாரும் கிழிக்கவில்லை. சொன்னேன். அவன் தட்டினான். எண்பத்தேழு மறைந்தது. அந்த இடத்தில் பத்தொன்பது வந்து நின்றது.