பெரிய ட்ரக், சின்ன இன்ஜின், ஒரு விசில்

சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு மண் தேவைப்பட்டது. கொஞ்சநஞ்சம் இல்லை, ஒரு ட்ரெய்லர் நிறைய. என்னுடைய காரோ நாலு பை மளிகை ஏற்றினாலே முனகுகிற ரகம். பக்கத்துத் தெரு ஜெயந்தனுக்குப் போன் போட்டேன்.

ஜெயந்தன் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதை நெருங்குகிறார். வீடுகளுக்கு டிரைவ்வே, அதாவது கார் போகிற கான்கிரீட் பாதை, போடுவது, பழைய கான்கிரீட்டை வெட்டி எடுப்பது... நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்த நாளிலிருந்து இதுதான் தொழில். நான் திருச்சிக்காரன். எல்லர்ஸ்லியில் ஓர் ஆபீஸில் உட்கார்ந்து கீபோர்டு தட்டுகிறவன். எனக்கு அவர் 'அவசர உதவி'. அவருக்கு நான் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் மட்டும் ஞாபகம் வருகிற அண்ணை.

"வாறன் அண்ணை. புது வாகனத்திலயே போவம்" என்றார்.

அந்தப் புது வாகனம் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே எல்லாரும் வைத்திருக்கிற, யூட் என்கிற சின்னப் பிக்கப் இல்லை அது. அமெரிக்காவில் செய்த முழு சைஸ் பிக்கப் ட்ரக். ஸ்டியரிங்கை வலது பக்கம் மாற்றி இங்கே விற்கிறார்கள். பக்கத்தில் நின்றால் பானெட் என் நெஞ்சு உயரம் வரும்.

இதற்கு முன் வைத்திருந்ததும் அதே சைஸ்தான். ஆனால் அதில் எட்டு சிலிண்டர் வி-எய்ட். காலையில் அவர் ஸ்டார்ட் செய்தால் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். அலாரம் வைக்க மறந்த நாட்களில் உபயோகமாகவும் இருந்தது. கியர்பாக்ஸ் போய், அதை விற்றுவிட்டுத்தான் இதை வாங்கினார்.

இதில் நாலே சிலிண்டர். டர்போ. ஒரு குடும்பக் காருக்கு வைக்கிற அளவு இன்ஜின். வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு குட்டிச் சக்கரம் சுற்றும். அது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். அதனால் சின்ன இன்ஜின் பெரிய வேலை செய்யும். விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் நம் ஆட்கள் விடுவார்களா? த்ரீ கிங்ஸில் கடை வாசலில் நிறுத்தி பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பார்த்தார்கள்.

"என்னடாப்பா, இவ்வளவு பெரிய பெட்டிக்குள்ள இவ்வளவு சின்னச் சாமானோ?" என்றார் ஒருவர்.

"பக்கத்தில ஒரு ஆள் குந்தியிருந்து சாப்பிடலாம்" என்றார் இன்னொருவர்.

ஜெயந்தன் சிரித்துக்கொண்டே பானெட்டை மூடினார். அவருக்கு இருந்த குறை வேறு. "சத்தமே இல்லை அண்ணை. ஓடுதோ நிக்குதோ எண்டே விளங்கேல்லை" என்று என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறார். வி-எய்ட்டைப் பிரிந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மூன்று பேர் போனோம். அவர், நான், பின்சீட்டில் அவருடைய மகள் மதுரா. பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற தலைமுறை. மண் ஏற்றினோம். ஈர மண், நல்ல பாரம். திரும்பி வரும்போது ஹில்ஸ்பரோ ஏற்றம். என் மனசுக்குள் ஒரு சின்னப் பயம்... இந்த நாலு சிலிண்டர் இழுக்குமா?

இழுத்தது. ஒரு திணறல் இல்லை. ட்ரெய்லர் பின்னால் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்க வேண்டியிருந்தது. பெட்ரோல் முள்ளும் அதே உற்சாகத்தோடு இறங்கியது என்பது தனிக்கதை. விளம்பரத்தில் சொல்கிற மைலேஜ், பாரம் ஏற்றாதவர்களுக்கு மட்டும்!

ஏற்றத்தில் இன்ஜின் பக்கமிருந்து ஒரு விசில் கிளம்பியது. மெலிசான, கூர்மையான சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க உச்சத்துக்குப் போனது.

"டர்போ நல்லா விசில் அடிக்குதே!" என்றேன்.

"என்ன விசில்?"

"இதோ, இப்ப கேக்குதே..."

"அப்பிடி ஒண்டும் கேக்கேல்லையே."

பின்சீட்டிலிருந்து மதுரா, "அப்பா, இட்ஸ் ஸோ லவுட்!" என்றாள்.

"ரெண்டு பேரும் சேந்து பகிடி விடுறியள்" என்று சிரித்தார் ஜெயந்தன்.

நானும் சிரித்தேன். ஆனால் அவர் கை ரேடியோவை அணைத்தது. ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றினார். மேலே போய், வட்டமடித்துத் திரும்பி, அதே ஏற்றத்தில் மறுபடி ஏறினார். விசில் பிரமாதமாக அடித்தது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. மறுபடியும் திரும்பினார். 

ஓரமாக நிறுத்தினார்.

மதுரா போனில் ஏதோ ஓர் ஆப்பைத் திறந்தாள். வேறு வேறு உயரத்தில் ஒலி எழுப்புகிற ஆப். அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் பிடித்தாள். கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள். முதலில் தாழ்ந்த ஒலி. அவர் உடனே கையைத் தூக்கினார். கொஞ்சம் உயர்த்தினாள். தூக்கினார். இன்னும் கொஞ்சம்... எனக்குக் காதுக்குள் ஊசி குத்துவது போல இருந்தது. அவர் கை தொடை மேலேயே இருந்தது. "போடு பாப்பம்" என்றார்.

அது போட்டபடியேதான் இருந்தது.

மதுரா போனை அணைத்துவிட்டு, "அப்பா..." என்றாள். 

ஜெயந்தன் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"போன மாசம் சைட்டில மண் கிண்டுற டிகர் ஒண்டு பின்னால வந்தது அண்ணை. ஒரு பெடியன் என்ரை சட்டையைப் பிடிச்சு இழுத்துப்போட்டான். பின்னுக்கு வரேக்க பீப் அடிக்கும்தானே? அது அடிக்கேல்லை எண்டு டிரைவரோட சண்டை பிடிச்சனான். அவன் அடிச்சது எண்டு நிண்டான். அவன் பொய் சொல்லுறான் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன்."



கான்கிரீட் வெட்டுகிற மெஷின் சத்தம் அருகிலிருந்து கேட்டவர்களுக்குத் தெரியும். இத்தனை வருடம் அதைக் கையில் பிடித்தவர். ஆரம்பத்தில் காதுக்கு ஒன்றும் மாட்டாமலே வேலை செய்தாராம். மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். வி-எய்ட் உறுமலைக் கேட்க அந்தக் காதே போதும். அதனால் பழைய ட்ரக்கில் அவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இந்தச் சின்ன இன்ஜின் வந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

"அம்மாட்டை இப்ப சொல்லாதை" என்றார் மகளிடம்.

அங்கேதான் சிக்கல். அவர் மனைவி வாசுகி, முதியோர் இல்லத்தில் நர்ஸ். அதிகம் பேசாத பெண். சில மாதங்களுக்கு முன் என் மனைவி சுதாவிடம் மனசு விட்டுச் சொல்லியிருக்கிறார்: "நான் கதைக்கிறதை அவர் கேக்கிறதே இல்லை அக்கா. கேக்கேல்லை எண்டில்லை, கேக்க விருப்பமில்லை. நான் இப்ப தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறனான்." சுதா அதை என்னிடம் சொன்னபோது, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதெல்லாம் சகஜம் என்று நான் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

மண்ணை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு, டீ குடிக்க அவர் வீட்டுக்குப் போனோம். வாசுகி சிங்க்கில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முதுகு. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பாமலே, "அண்ணாவுக்கு அந்த வடையையும் எடுத்துக் குடுங்கோ" என்றார்.

ஜெயந்தன் அசையவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாசுகியின் கை ஒரு விநாடி நின்றது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவரே வடைத் தட்டை எடுக்கப் போனார். ஒரு கோபம் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. பழகிப்போன மனுஷி.

நானும் மதுராவும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஜெயந்தன் எங்கள் முகத்தைப் பார்த்தார். ஏதோ நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்க் குழாயை மூடினார். மனைவிக்கு நேர் எதிரில் நின்றார்.

"இப்ப என்ன சொன்னனீர்?"

"ஒண்டுமில்லை."

"இல்லை, சொல்லும். எனக்குக் கேக்கேல்லை."

"நான்தான் எடுக்கிறனே. விடுங்கோ."

"வாசுகி, எனக்கு உண்மையா கேக்கேல்லை. காது போட்டுது."

வாசுகி ஏதோ பகிடி என்று நினைத்து மகளைப் பார்த்தார். மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து?"

"தெரியாது. கன காலமா இருக்கும் போல."

வாசுகி தட்டை மேசையில் வைத்தார். முகத்தில் அதிர்ச்சியைவிடக் கணக்குப் போடுகிற யோசனைதான் அதிகம் இருந்தது. போன வருஷங்களில் எதை எதை எங்கே நின்று சொன்னோம் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கிற யோசனை.

"அப்ப... அம்மா செத்த கிழமை, லைட்டை நிப்பாட்டினாப் பிறகு நான் உங்களிட்டைச் சொன்னது?"

"என்ன சொன்னனீர்?"

வாசுகி என்னையும் மதுராவையும் ஒரு தடவை பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மதுராவும் தன் அறைக்குப் போய்விட்டாள். அன்று அந்த இருட்டில் அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஆள் அந்தச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார்.

மற்றதெல்லாம் சீக்கிரம் நடந்தது. வாசுகியே காது டெஸ்டுக்கு அழைத்துப் போனார். இரண்டு காதுக்கும் கருவி வந்துவிட்டது. பயறு சைஸ்தான். முடி மறைத்துவிடும். முதல் வாரம் ஜெயந்தன் பட்ட பாடு! பிளாஸ்டிக் பையைக் கசக்கினால் திடுக்கிட்டார். முறுக்கு தின்றால் தலைக்குள் கட்டடம் இடிகிறது என்றார். டிகர் டிரைவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். அவன் "நோ வரீஸ் மேட்" என்று அவர் முதுகில் தட்டினானாம். சைட்டில் வெட்டுகிற வேலையை இப்போது, அன்று சட்டையைப் பிடித்து இழுத்த பெடியன் செய்கிறான். அளவெடுப்பதும் விலை பேசுவதும் ஜெயந்தன்.

வாசுகி எப்படி இருக்கிறார் என்று சுதாவைக் கேட்டேன்.

"போன்ல பேசவே நேரம் இல்லைங்கிறா. அவங்க ரெண்டு பேரும் சாயங்காலம் நடக்கப் போறாங்களாம்."

சத்தம் நிறைந்த வாழ்க்கையில் ஒரு வசதி உண்டு. எது காதில் விழவில்லை என்று நமக்குத் தெரியவே தெரியாது. அமைதி வந்த பிறகுதான் கணக்கு வெளியே வருகிறது. ஜெயந்தனுக்காவது காரணம் காதில் இருந்தது. காது நன்றாக இருந்தும் கேட்காதவர்களுக்கு எந்தக் கடையில் கருவி விற்கிறார்கள்?

இந்த வரியை நான் ரசித்து எழுதிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து சுதா ஏதோ சொன்னாள். "என்ன?" என்றேன்.  போனில் யாரிடமோ என் பெயரைச் சொல்லிக் காது டெஸ்டுக்கு அப்பாயிண்ட்மென்ட் கேட்பது மட்டும் தெளிவாகக் கேட்டது!