சிடாம் கிரியில் மூன்று நிமிடம்

வெண்டைக்காயைத் துடைக்கும்போது யோகேஸ்வரியின் கை ஒரே திசையில்தான் போகும், காம்பிலிருந்து நுனிக்கு. துணியை நான்காக மடித்திருப்பாள். ஒரு மடிப்பு நாலு காய்க்கு, பிறகு அடுத்த மடிப்பு. போன வழியே திரும்பித் துடைப்பது என்ற பேச்சே இல்லை. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில், தூசி நுழையக் கூடாத அறையில் பதினான்கு வருடம் மேசை துடைத்துத் துடைத்து ஊறிப்போன பழக்கம். "திருப்பித் தொடச்சா, எடுத்த தூசிய நாமளே திரும்ப வைக்கிறோம்லா, மலர்க்கா" என்பாள். வெண்டைக்காய்க்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டேன். கை துடைத்துக்கொண்டிருந்தது, ஆள் பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

பாதித் தூக்கம்தான் அவளுடைய இயல்பான நிலை. மாலை ஏழுக்கு உள்ளே போனால் காலை ஏழுக்கு வெளியே வருகிற வேலை. நான் அதே தொழிற்சாலையில் ஸ்டோர் பிரிவு, அதே இரவு ஷிப்ட். சுங்கை பட்டாணியில் எங்கள் வீடுகள் ஒட்டி இருக்கின்றன, கம்பெனி பஸ்ஸில் எங்கள் இருக்கைகளும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டே பேசுவாள். நடுவில் குறட்டை வந்தால் பேச்சு முடிந்துவிட்டதென்று அர்த்தமில்லை. படாங் செராய் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

அவள் வீட்டு ஐஸ்பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் பை கிடையாது. கீரை ஈரத்துணியில் பாயாகச் சுருட்டப்பட்டுத் தட்டில் படுத்திருக்கும். கொத்தமல்லி கண்ணாடித் தம்ளரில் தண்ணீருக்குள் நிற்கும். பச்சை மிளகாய் காம்பைக் கிள்ளிவிட்டுப் பாட்டிலுக்குள். கத்தரிக்காய்க்குப் பழைய கொசுவலையில் தைத்த பை, பயத்தங்காய்க்குக் கணவர் வசந்தனின் கிழிந்த கைலியில் தைத்த பை. ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதிய சீட்டு. என் ஐஸ்பெட்டியின் அடித்தட்டிலோ முடிச்சுப் போட்ட பைகள் குவிந்திருக்கும். எதற்குள் என்ன இருக்கிறது என்பது, அவிழ்க்கிற தைரியம் எனக்கு வருகிற அன்றுதான் தெரியும்.

உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். கடலைப் பற்றியோ ஆமையைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஒரு நாள் கடையில் கட்டித் தொங்கவிட்டிருந்த கீரைப் பையைக் கண் எதிரே தூக்கிப் பிடித்தாள். உள்பக்கமெல்லாம் நீர்முத்து.

"உள்ள வேர்த்திருக்கு பாருங்கக்கா. வேலைக்குப் போடுற அந்த வெள்ளை உடுப்புக்குள்ள எனக்கும் இப்படித்தான்லா வேர்க்கும். தலையிலேர்ந்து கால் வரைக்கும் மூடி, கண்ணு மட்டும் வெளிய. பன்னெண்டு மணி நேரம் இருந்து பாருங்க, அப்புறம் கீரையப் பிளாஸ்டிக்ல போட மனசு வருமான்னு சொல்லுங்க."

"உனக்குச் சம்பளம் தர்றாங்க, கீரைக்கு அதுவும் இல்ல" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அன்றைக்கு அந்தப் பையை வாங்கக் கை வரவில்லை.

கடை என்றது மருதம்மாளின் கடையை. சிடாம் கிரி முச்சந்தியில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோப்பு முடிகிற இடத்தில், ஒரு பலகையும் நாலு தகரமும். வீட்டுக்குப் பின்னால் அவரே போட்ட கீரை, கங்கோங் என்கிற தண்ணீர்க்கீரை, வெண்டை. காலை ஏழரைக்கு மூடுபனி இறங்கிக் கிடக்கும்போது எங்கள் பஸ் அங்கே நிற்கும். கம்பெனி நிற்கச் சொல்லவில்லை. ஓட்டுநர் சுகுமாரன் தன் பொறுப்பில் செய்த உதவி, அதுவும் ஐந்து நிமிடம். நாங்கள் இருபது பேர் தூக்கக் கலக்கத்தில் இறங்கிப் போவதைப் பார்த்தால் யாரோ கனவில் சந்தைக்குப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். அவசரத்துக்கு உதவட்டுமென்று மருதம்மாள் எல்லாவற்றையும் விடியும் முன்பே பிளாஸ்டிக்கில் கட்டி வைத்துவிடுவார். யோகேஸ்வரி மட்டும் கட்டியதைப் பிரித்து, கீரையைத் தன் பைக்கு மாற்றி, பிளாஸ்டிக்கை நீவி மடித்து அவரிடமே திருப்பிக் கொடுப்பாள்.

"கட்டுறதுக்கு நான், அவுக்குறதுக்கு நீ. நல்லாருக்கும்மா!" என்பார் மருதம்மாள்.

போன மார்ச்சில் வந்தது வினை. அவளைப் பார்த்து இன்னும் ஆறேழு பேர் துணிப்பை கொண்டுவர ஆரம்பித்திருந்தார்கள். அன்று எல்லாரும் ஒன்றாகப் பிரிக்கப் போய், பஸ் புறப்பட இருபது நிமிடம் ஆகிவிட்டது. எங்கள் பஸ்ஸில் வரும் ரூபினிக்கு மூன்று வயதில் பெண் குழந்தை. இவள் வந்து சேர்ந்தால்தான் கணவன் வேலைக்குக் கிளம்ப முடியும். அன்று அவன் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினான், வீட்டில் சண்டை. ரூபினி போக்குவரத்துப் பிரிவுக்கு ஃபோன் போட்டுவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் சுகுமாரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "இனிமே சிடாம் கிரியில நிக்காது. எனக்கு வார்னிங் லெட்டர் வந்திருச்சு."

பஸ் முச்சந்தியைக் கடந்தபோது மருதம்மாள் பலகைக்கு முன்னால் நின்றிருந்தார். பஸ்ஸைப் பார்த்துக் கையைத் தூக்கியவர் பாதியில் இறக்கிக்கொண்டார். அடுத்த நாளும் நின்றார். அதற்கடுத்த நாள் பலகையில் கீரை குறைந்திருந்தது. நாங்கள் இருபது பேர் வாங்குவதுதான் அந்தக் கடைக்கு உயிர், மற்றபடி அந்த வழியில் காலையில் நிற்பவர்கள் குறைவு. யோகேஸ்வரி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். கண்ணை மூடவில்லை. அவள் தூங்காமல் வந்து நான் பார்த்தது அந்த வாரம்தான். "என் ஒருத்தி கிறுக்குக்கு அவங்க வயித்துல அடிச்சிட்டேன்க்கா" என்றாள் ஒரே ஒரு தடவை.

ஓய்வு நாளில் அவள் வீட்டில் தையல் எந்திரம் விடாமல் ஓடியது. கைலி, சன்னல் திரை, வசந்தனின் பழைய வேட்டி. சாயங்காலம் இருபது பைகளோடு மோட்டார் சைக்கிளில் சிடாம் கிரிக்குப் போனாள். ஒவ்வொரு பையிலும் அழியாத மையில் ஆள் பெயர், பக்கத்தில் என்ன கீரை, எத்தனை கட்டு. அவள் வேலை செய்கிற அந்தத் தூசியில்லா அறையில் வெற்றுப் பெட்டி ஒரு கதவு வழியாகப் போகும், நிரம்பிய பெட்டி மறு கதவு வழியாக வரும். யாரும் நின்று பிரித்துக்கொண்டிருப்பதில்லை. அதையே கீரைக்குச் செய்தாள். நாளைக்கான காசோடு வெற்றுப் பையைக் கொடுப்பது, நிரம்பிய பையை எடுத்துக்கொள்வது.

சுகுமாரனிடம் போய் நின்றாள். "மூணு நிமிசம்ண்ணே. நாலாச்சுன்னா என்னய அங்கேயே விட்டுட்டுப் போயிருங்க."

"உன்ன விட்டுட்டுப் போனா வசந்தன் என்னய விடமாட்டான்லா" என்றார் அவர். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "ஒரு நாள். ஒரே ஒரு நாள்தான்" என்றார். ரூபினியிடமும் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். ரூபினி சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பனிக்குள் பஸ் நின்றது. பைகள் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மருதம்மாள் பெயரைப் படித்துப் படித்துக் கொடுத்தார். கடைசியாக ஒரு பை மிஞ்சியது. 'ரூபினி, முளைக்கீரை, 2'. இறங்காமல் இருக்கையிலேயே இருந்தவளிடம் அதை யோகேஸ்வரி கொண்டுபோய் நீட்டினாள். ரூபினி பையைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள், வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டே முக்கால் நிமிசம்" என்றார் சுகுமாரன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சரி, நாளைக்கும் பாப்போம்லா."

பஸ் கிளம்பியது. ஒவ்வொருவராகத் தலை சாய்ந்தோம். மடிகளில் கீரை, உள்ளே ஈர மண்ணின் வாசனை. நான் அரைக்கண்ணில் இருந்தபோது பனி விலகி, வலப்பக்கச் சன்னல்களில் வெயில் சட்டென்று ஏறியது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. யோகேஸ்வரி நடைவழியில் ஒவ்வொரு சன்னலாகத் திரையை இழுத்து மூடிக்கொண்டே போனாள், யாரும் விழிக்காதபடி.

ரூபினியின் சன்னலில் திரை கிழிந்து போயிருந்தது. அவள் வாய் லேசாகத் திறந்து, பையின் மேல் இரண்டு கையையும் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் அவள் முகத்திலும் கீரையிலும் விழுந்திருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்த யோகேஸ்வரி, குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றினாள். பின் இருக்கையிலிருந்து எட்டிக் கண்ணாடியில் அதை விரித்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சுங்கை பட்டாணி வரும்வரை அப்படியே நின்றாள்.