மணிக்கூண்டின் சாவி

போன டிசம்பரில் உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஐக்கிய கிறிஸ்துமஸ் நடந்தது. எங்கள் ஊர் மிஷன் கோயில் ஆயரும் பெந்தெகொஸ்தே சபை பாஸ்டரும் ஒரே கத்தியைப் பிடித்து கேக் வெட்டினார்கள். ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிவிட்டார்கள். கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் அம்மாவும் தட்டினாள். நான் தட்டவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் என் நைனாவின் பிணத்துக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டு, முகத்தோடு முகம் பார்க்காமல் சண்டை போட்டவர்கள் இவர்கள்தான்.

நைனா வயல் கூலி. ஆறு நாளும் அடுத்தவர் வரப்பை வெட்டினாலும் ஞாயிற்றுக்கிழமை அவர்தான் ராஜா. மிஷன் கோயில் மணியை முப்பது வருஷம் அடித்தவர். மணிக்கயிறு தொங்கும் சின்ன அறைக்கு ஒரு பூட்டு உண்டு, அதன் சாவி எப்போதும் அவரிடம்தான். கோயிலைச் சேர்ந்தவர் யார் செத்தாலும் சாவு மணி அவர் கைதான். என் அண்ணன் குவாரி லாரி மோதிச் செத்தபோதும் வேறு யாரையும் கயிற்றைத் தொடவிடாமல் அவரே அடித்தார். அண்ணனைக் கோயில் கல்லறையில் வேப்ப மரத்தடியில் புதைத்தோம். பக்கத்து மண்ணில் நைனா காலால் ஒரு கோடு கிழித்து, "இது எனுக்கு" என்றார். அந்த மனுஷன் தனக்கென்று கேட்ட இடம் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

அண்ணன் போன பிறகு அம்மா பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே வாய்விட்டு அழ முடிகிறது என்றாள். கம்மலைக் கழற்றினாள், வெள்ளைப் புடவைக்கு மாறினாள். நைனா தடுக்கவில்லை. ஆனால் பாஸ்டர் அவளிடம், குழந்தையில் தலையில் தெளித்த தண்ணீரெல்லாம் ஞானஸ்நானமே இல்லை, முழுகி எடுக்காவிட்டால் உன் வீட்டுக்காரர் பரலோகத்தில் உன்னோடு இருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டார். அம்மா ஒரு வருஷம் நைனாவை நச்சரித்தாள். ஒரு சனிக்கிழமை அவர் ஏரியில் இறங்கினார்.

"இன்னா போச்சு? ஒரு முழுக்குதானே. உங்கம்மா நிம்மதியா தூங்குவா" என்று என்னிடம் சிரித்தார். மறுநாள் காலை வழக்கம்போல மிஷன் கோயிலில் மணி அடித்தார்.

அங்கேதான் அந்த அப்பாவி ஏமாந்தார். ஆயருக்குச் சேதி போனது. இரண்டாம் முறை ஞானஸ்நானம் எடுத்தவன் நம் ஆள் இல்லை என்று கோயில் பதிவேட்டில் நைனாவின் பெயரை அடித்துவிட்டார். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை, எங்களுக்குத் தெரியவும் இல்லை. அடுத்த கோயில் ஆளை முழுக்குகிறோமே, அந்த ஆயருக்கு ஒரு போன் பண்ணுவோம் என்று பாஸ்டருக்கும் தோன்றவில்லை. தெளிப்பதா முழுக்குவதா என்று அவர்கள் வேதத்தை விரித்து வைத்து வருஷக்கணக்கில் வாதாடட்டும், நான் குறுக்கே வரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற மனுஷனிடம் பேச என்ன கேடு? பெயரை அடித்தவர் மணி அடிக்க வேண்டாம் என்று சொன்னாரா? அதுவும் இல்லை. பெயர் இல்லாத ஆள் அடித்த மணியைக் கேட்டுத்தான் நாலு வருஷம் எல்லாரும் கோயிலுக்கு வந்தார்கள்.

ஜூலை மாதம் நைனா மாரடைப்பில் போனார். கல்லறைக் குழிக்குச் சொல்லப் போன சித்தப்பா திரும்பி வந்து, "பேரு இல்லியாம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஆஸ்பத்திரி நர்ஸ், சாவு எனக்குப் புதிதில்லை. ஆனால் இப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை.

ஆயர் வந்தார். கையில் ஒரு தாள். ஏரியில் முழுகியது தவறு என்று அம்மா எழுதிக் கொடுத்தால், கமிட்டியில் பேசி இடம் கொடுக்கலாம் என்றார். "ஆராதனை நான் மட்டும்தான் பண்ணுவேன். அவர் அங்க வாய் திறக்கக் கூடாது" என்று பாஸ்டர் இருந்த பக்கம் பார்க்காமலே சொன்னார்.

பாஸ்டர் ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவிடம், "சிஸ்டர், இதுல கையெழுத்துப் போட்டா கர்த்தரையே மறுதலிக்கிறீங்க. அப்புறம் சபைக்கு வர வேணாம்" என்றார்.

அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும். "புள்ள பக்கத்துல படுக்கணும்னு கேட்டுக்கினே இருந்தாரும்மா. நான் போட்டுர்றேன்" என்று பேனாவை வாங்கினாள். முதல் எழுத்தைப் போட்டுவிட்டாள்.

நான் தாளைப் பிடுங்கிக் கிழித்தேன்.

"வெக்கமா இல்ல உங்க ரெண்டு பேருக்கும்?" என்று கத்தினேன். "ஊர்க்காரங்க நம்மள காலனின்னு தனியா பொதைக்க வச்சது பத்தாதுன்னு, நீங்க வேற பிரிக்கிறீங்களா? நீங்க தெளிக்கிற கெணத்துத் தண்ணி வேற, அவரு முழுக்குற ஏரித் தண்ணி வேறயா?" இரண்டு பேரும் எழுந்து போனார்கள். அதில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

நைனாவைக் காலனி சுடுகாட்டில், கருவேல முள்ளுக்கு நடுவில் புதைத்தோம். சித்தப்பா ஒரு ஜெபம் சொன்னார். சாவு மணி அடிக்கவில்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கினு இருந்திருக்கலாம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். கோபப்பட்டது நியாயம்தான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் நைனாவையும் அண்ணனையும் கடைசியில் பிரித்தது என் கைதான். அது என்னை விடமாட்டேன் என்கிறது.

அந்த வாரம் சனிக்கிழமை ஆயர் வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரிக்க என்று நினைத்தேன். "நாளைக்கு மணி அடிக்கணும்... சாவி உங்ககிட்டதான் இருக்கு" என்றார்.

"ஏன், பேர் இல்லாத ஆளோட சாவி உங்களுக்கு எதுக்கு?" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்து அடக்கினாள். "சாவி தர்றோம் ஐயா. நீங்களும் பாஸ்டரும் ஒரு தபா சேர்ந்து வாங்க. அவரு தலமாட்டுல நின்னு ஒரு ஜெபம் பண்ணுங்க. அது போதும்."

"பார்க்கலாம்மா" என்றார் ஆயர். அம்மா பாஸ்டரிடமும் போய்க் கேட்டாள். "கர்த்தருக்குச் சித்தமானா பார்க்கலாம் சிஸ்டர்" என்றார் அவர். மூன்று வாரம் கூட ஆகவில்லை, ஆயர் ஆளை வைத்துப் பூட்டை அறுத்துப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டார். பழைய சாவி என் கைப்பையிலேயே கிடக்கிறது.

அந்த மண்டபத்தில் அம்மா ஏன் கைதட்டினாள் என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் சொன்னாள். "ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்க பார்த்தியா? இனிமே உங்க நைனாகிட்ட வந்துருவாங்க." மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கத்தியை எடுத்துக்கொண்டு போய் முள்ளை வெட்டினாள். நைனாவின் தலைமாட்டைச் சுற்றிப் பெருக்கினாள். பெரியவங்க நிற்கக் கூடாது என்று வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிப் போய்ப் போட்டாள். யாரும் வரவில்லை. பொழுது சாயத் திரும்பத் தூக்கி வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தூக்கிப் போனாள், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனாள்.

போன வாரம் அவளுக்கு இடுப்பு வலி. ஒரு நாற்காலியை நான் தூக்கினேன்.