ராஜாவை வழியனுப்பும் தெங் அக்கா

"எந்தக் கண்ணு வேணும், சொல்லுங்க?" என்று கேட்டபடியே முழங்காலில் பஞ்சுப்பட்டையை இறுக்கிக் கட்டுகிறார் தெங் ஸுமெய். கேமரா இடப்பக்கம் இருந்தால் இடக்கண்ணில்தான் முதல் துளி வரும். வலப்பக்கம் மாற்றினால் கண்ணும் மாறும். எங்கள் படப்பிடிப்பு ஊரில் அரண்மனைப் பணிப்பெண் வேஷத்துக்கு எத்தனையோ பேர் கிடைப்பார்கள். சொன்ன நேரத்தில் அழ, தெங் அக்கா ஒருவர்தான்.

அவருக்குப் பக்கத்தில் அந்தப்புர ஏவலாளாக மண்டியிடுவது என் வேலை. அக்கா மண்டியிட்டபடியே சூரியகாந்தி விதையைப் பல்லில் உடைப்பார். தோல் முழுக்கச் சட்டையின் அகலக் கைக்குள் போகும். அரசி முன்னால் வணங்கும்போது கை சலசலக்கும். "பட்டு சத்தம்டா அது" என்பார். அவருக்கு வசனமே கிடையாது. ஆனால் எல்லோர் வசனமும் தெரியும்; பேரரசர் திணறினால் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுப்பார். "இவரோட சேத்து நாலு ராஜாவ வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்பது அவர் பெருமை.

இது சீனாவின் சிங் வம்சத்துப் பேரரசர் ஒருவர் அரியணை இழக்கும் படம். முழுக்க அழுகை. அக்காவுக்கு அது சிரமமாக இல்லை. அரங்குகளுக்குத் தூண் இழைக்கும் அவர் கணவர் குவாங்குக்குக் கழுத்தில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். "இப்பல்லாம் நடிக்கவே வேண்டாம்டா, தானா கொட்டுது" என்றார் ஒருநாள். அன்று விதை உடைக்கவில்லை.

கடைசிக் காட்சி. பேரரசர் அரண்மனையை விட்டு வெளியேறுகிறார். இருபுறமும் நாங்கள் மண்டியிட்டு அழ வேண்டும். ஒத்திகை முடிந்த இடைவெளியில் அக்காவின் சட்டைக் கைக்குள் செல்போன் அதிர்ந்தது. குவாங்கின் குரல் எனக்கே கேட்டது.

"ஏய், கேட்டியா? வெறும் கொழுப்புக் கட்டியாம்! ஒண்ணுமில்லன்னுட்டாரு டாக்டரு. மீன் வாங்கிட்டுப் போகவா?"

"வாங்கு." அக்காவின் குரல் உடைந்தது. "பெருசா வாங்குய்யா."

"ஆக்‌ஷன்!"

பேரரசர் தலைகுனிந்து வந்தார். அக்கா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கட்! அக்கா, ராஜ்யமே போகுது, நீங்க கல்யாண வீட்ல உக்காந்த மாதிரி இருக்கீங்க!" என்று கத்தினார் இயக்குநர் யாவ்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி சிரிப்பு. தொடையைக் கிள்ளிக்கொண்டார்; உதட்டைக் கடித்தார்; பயனில்லை. சாயங்கால வெயில் மதில் விளிம்புக்கு ஏறிவிட்டது. வேறு ஆளை உட்கார வைக்கச் சொல்லிவிட்டார் யாவ். இத்தனை வருஷத்தில் அக்காவை யாரும் வரிசையை விட்டு எழுப்பியதில்லை.

"ஒரே ஒரு தடவ, தம்பி. மூஞ்சிதான சிரிக்குது? அதத் தரையில வச்சுக்கறேன்."

நெற்றியைக் கல்லில் பதித்தார். கேமரா ஓடியது. அவர் தோள் குலுங்கியது, முதுகு குலுங்கியது. அடக்கிய சிரிப்பும் "கொழுப்பாம்… கொழுப்பாம்" என்ற முணுமுணுப்பும் எனக்கு மட்டும் கேட்டன. பேரரசராக நடித்த பையன் அந்த முதுகைப் பார்த்து நின்றுவிட்டான். ஒத்திகையில் அப்படி நிற்கவில்லை. அவன் கண் நிறைந்து வழிந்தது. யாவ் வெகுநேரம் "கட்" சொல்லவில்லை.

முடிந்ததும் அவன் ஓடிவந்து அக்கா அருகில் குந்தினான். "என்னக்கா, வீட்ல யாருக்காவது ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல தம்பி. யாருக்கும் ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு, காலையிலிருந்து தலையில் கனத்த கொண்டையைக் கழற்றி மடியில் வைத்தார். பத்து விரலாலும் தலையைச் சொறிந்துகொண்டார், நிதானமாக, ஆசைதீர.