மதர்போர்டுக்கு இட்ட சந்தனம்

ஆயுத பூஜையன்று வண்டிகளுக்குச் சந்தனம் இட்ட கையோடு, பால்கனியில் தனியாகக் கழற்றி வைத்திருந்த மகளின் கம்ப்யூட்டர் மதர்போர்டுக்கும் இட்டேன். போர்டின் பச்சை நிறம் பிடிக்கவில்லையென்று, இணைப்புத் துளைகளை டேப்பால் மூடி, கறுப்பு ரப்பர் பெயின்ட் அடித்துக் காயவைத்திருந்தாள். நீர்ச் சந்தனம் வழிந்து பரவியது.

"ஐயோ அம்மா! அது என்ன ஸ்கூட்டரா? அடுத்து பூசணிக்காயும் உடைப்பியா?"

அந்த வாரம் வைட்ஃபீல்ட் ஐ.டி. கம்பெனி ஒன்றின் ஆன்லைன் இன்டர்வியூ, அந்தக் கம்ப்யூட்டரில்தான். எனக்கு உயிரே போய்விட்டது.

"போச்சா கண்ணு?"

"இரும்மா."

ஓரத்தை நகத்தால் நெம்பினாள். காய்ந்த ரப்பர் சந்தனத்தோடு தோலாக உரிந்து வந்தது. அடியில் ஈரமே இல்லை. டேப்பை எடுத்து, போர்டை மாட்டி, ஸ்விட்ச் போட்டாள். திரையில் வெளிச்சம் வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்கு நல்லது நடக்கட்டும் என்று வைக்கும் பொட்டைக்கூட, இப்போது அவளைக் கேட்டுத்தான் வைக்கிறேன்.