வளைவு இறுகும் வரை

ஈப்போவில் வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடலையே வாங்கி வைத்திருக்கும் வசதியானவர்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. மீன் செத்தால் மீனைக் குறை சொல்வார்கள். தண்ணீர் கலங்கினால் தண்ணீரைக் குறை சொல்வார்கள். தொட்டிக்குள் கல் சரிந்தால் மட்டும் கனகராஜைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். அவரும் கேட்டுக்கொள்வார். மீன் எப்படியோ போகட்டும், கல் அவர் பொறுப்பு.

கனகராஜ் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்த்து, தொழிலாளர் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது அவருக்கு மீசை அரும்பும் வயது. கொஞ்ச காலம் லாரியில் வேலைக்கு ஏறினார், கொஞ்ச காலம் சும்மா சுற்றினார், கடைசியில் ஈப்போவில் ஒரு சீனக் குழாய்க்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தார். எபோக்ஸி பசை அவர் கைக்கு வந்தது அங்கேதான்.

கட்டைவிரல் பருமனில் குச்சியாக வரும் பசை அது. உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம். துண்டு வெட்டி, இரண்டு நிறமும் ஒன்றாகும்வரை பிசைந்து, ஒழுகும் இடத்தில் அப்பினால் சற்று நேரத்தில் கல்லாகிவிடும். தண்ணீருக்கு அடியிலும் இறுகும். ஒரு மீன்தொட்டிக் கடையில் குழாய் அடைக்கப் போன இடத்தில், கடைக்காரர் கடல் தொட்டிக்கென்றே வரும் எபோக்ஸியை அவரிடம் கொடுத்து, "இந்த ரெண்டு கல்ல ஒட்டிக் குடேன்" என்றார். ஒட்டிக் கொடுத்தார். அது ஆடவே இல்லை. அதன்பின் குழாய் வேலையை விட்டுவிட்டார். பவளம் வளர்ப்பவர்களின் தொட்டிகளில் பாறை அடுக்குவதே பிழைப்பாயிற்று. குகை, மேடை, பாலம் என்று எதைக் கேட்டாலும் கட்டுவார். அதன்மேல் பவளத் துண்டுகளை ஒவ்வொன்றாக எபோக்ஸி வைத்து நட்டுக் கொடுப்பார். கோப்பெங், தைப்பிங் வரைக்கும் அவரைத் தேடி ஆள் வந்தது.

வீட்டில் இந்தப் பெருமையெல்லாம் செல்லாது. "சப்பாத்திக்கு மாவு பெசஞ்சு குடுங்கன்னா கை வலிக்கும். ஊரான் வீட்டுக் கல்லுக்குன்னா நல்லாப் பெசைவாரு" என்பாள் அவர் மனைவி தினேஸ்வரி. ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் அவளுக்கு வேலை. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். கண்ணில் படும் எந்த வேலையையும் முடிக்காமல் நகரமாட்டாள். மகள் தர்ஷனா ஜொகூரில் வேலை பார்த்தாள். ஈப்போவின் புந்தோங் பகுதியில் இருந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

எபோக்ஸியைப் பற்றி கனகராஜ் எல்லோரிடமும் சொல்லும் ஒன்று உண்டு. "அது ஒட்டாதுலா, கவ்வும். கவ்வறதுக்கு வெறுங்கல்லு வேணும்." பாசியோ வழுக்கலோ உயிருள்ள எதுவோ கல்மேல் இருந்தால், அப்பிய பசை மூடி கழன்ற மாதிரி கழன்று வரும். இவ்வளவு தெரிந்த மனிதர்தான் தேனப்பன் ஐயா வீட்டில் ஒரு நாள் சோம்பல்பட்டார். அந்தத் தொட்டிக்குள் அவர் கட்டிய கல் வளைவின் உச்சியில், இணைப்பு விழும் இடத்தில் பச்சைப் பொத்தான் பவளம் படர்ந்திருந்தது. சட்டைப் பொத்தான் அளவில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஜாதி. சுரண்டாமல் அதன் மேலேயே பசையை வைத்து அழுத்திவிட்டு வந்துவிட்டார்.

வளைவு ஒரு பகல் வேளையில் சரிந்தது. அடிக் கண்ணாடியில் கீறல் விழுந்தது. ஆசை ஆசையாக வளர்த்த மீன் ஒன்று கல்லுக்கு அடியில் நசுங்கிப் போனது. தேனப்பன் செட்டியார் வம்சத்தில் வந்தவர், கட்டுமானச் சாமான் வியாபாரத்தை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக இருப்பவர், குரலை உயர்த்தும் பழக்கமே இல்லாதவர். அன்றும் உயர்த்தவில்லை.

"கனகு, கல்லு விழுந்தப்ப என் பேத்தி கண்ணாடியில கைய வச்சிக்கிட்டு நின்னா. ஒடைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

கனகராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"சனிக்கிழமை வீட்டுல விசேஷம். வளைவு மறுபடி நிக்கணும். இன்னொரு தரம் விழுந்துச்சுன்னா நான் மட்டுமில்ல, இந்த ஊருல ஒருத்தனும் உன்னக் கூப்பிட மாட்டான், பாத்துக்க."

அந்த வார்த்தை கனகராஜின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. தோட்டத்தை விட்டு வந்தபின் அவர் சம்பாதித்தது அந்த ஒரு பெயரைத்தான். மற்றதெல்லாம் வந்தது, போனது. விழுந்த கற்களை வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவர், ஒரு துளி உயிர்கூட ஒட்டியிருக்கக் கூடாது என்று முடிவு செய்தார்.

வழக்கமாக இப்படிப்பட்ட கற்களை வீட்டுப் பின்பக்கத் தகரக் கூரைமேல் வெயிலில் போட்டுவிடுவார். காய்ந்து சுக்காகிவிடும். ஆனால் அந்த வாரம் ஈப்போவில் வெயில் எங்கே இருந்தது? எங்கோ காடு எரிந்து வந்த புகைமூட்டம், ஊரார் சொல்லும் ஜெரபு, சுண்ணாம்பு மலைகளையே மறைத்துவிட்டது. பள்ளிக்கூடங்களை மூடப் போவதாகப் பேச்சு. தினேஸ்வரி ஜன்னல்களையெல்லாம் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி திணித்து வைத்திருந்தாள். வெயில் இல்லையென்றால் வெந்நீர் என்று நினைத்தார் கனகராஜ். தாமான் குடியிருப்புக் கோயிலில் பொங்கல் வைக்க அவர்கள் வீட்டிலிருந்துதான் பெரிய அண்டா போகும். அதில் கற்களைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். வேறு நாளென்றால் கொல்லைப்புறத்தில் அடுப்பு வைத்திருப்பார். புகைக்குப் பயந்து, சாத்திய சமையல்கட்டிலேயே அடுப்பைப் பற்றவைத்தார்.

கொதி வந்தபோது கடல் நாற்றம் வீடு முழுக்க அடித்தது. அந்த நேரம் பார்த்துத் தேனப்பனிடமிருந்து போன் வந்தது. கனகராஜ் முன்கூடத்துக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார். பேச்சு நீண்டது. தினேஸ்வரி வேலை முடிந்து பின்வாசல் வழியாக வந்தாள்.

"சோறாக்குற எடத்துல என்ன கருமத்த வச்சிருக்கீங்க?"

திட்டினாள்தான். ஆனால் திட்டிக்கொண்டே மூடியைத் திறந்து, ஆவி முகத்தில் அடிக்கக் குனிந்து பார்த்து, தண்ணீரை வடித்து, தேய்ப்பு நாரை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். அந்த வளைவு விழுந்த நாளிலிருந்து மனிதன் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். சுடச்சுட ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தேய்த்தாள். கனகராஜ் போனை வைத்துவிட்டு வந்தபோது கற்கள் எலும்பு வெள்ளையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

இருட்டும்போது தினேஸ்வரிக்கு இருமல் கண்டது. வாயெல்லாம் செப்புக்காசு நக்கின மாதிரி இருக்கிறது என்றாள். அவருக்கும் உதடு லேசாக மரத்துப்போயிருந்தது. "ஜெரபு ஒத்துக்கல போல" என்றார். கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே பாதி ஈப்போ இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. புகைமூட்டம்தான் என்று மருந்து கொடுத்தார்கள். யாராவது டாக்டரிடம் போய், நான் கல் தேய்த்தேன் என்று சொல்வார்களா? இவர்களுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவளுக்குக் காய்ச்சல். கால் சதையெல்லாம் பிடித்து இழுத்தது. நடுங்கிக்கொண்டே படுத்திருந்தாள். அன்றுதான் சனிக்கிழமை.

"நான் வேணா போன் பண்ணி வரலன்னு சொல்லவா?"

"எதுக்கு? மருந்து குடிச்சிருக்கேன்ல. போயி அந்தக் கல்ல நிமித்திட்டு வாங்க. அப்பவாச்சும் மூஞ்சி தெளியுதான்னு பாக்குறேன்."

போனார். இந்த இடத்தில் அவரைத் திட்டத் தோன்றுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். இன்னும் இருக்கிறது.

தேனப்பன் வீட்டில் விசேஷத்துக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. கனகராஜ் தொட்டிக்குள் இரண்டு பக்கத் தூண்களையும் நிறுத்தினார். கையை நனைத்துக்கொண்டு எபோக்ஸியைப் பிசைந்தார். நிறம் ஒன்றாகி லேசாகச் சூடு ஏறியது. அந்தப் பதத்தில் தண்ணீருக்குள் கொண்டுபோய், வெறுங்கல்லின் ஓட்டைகளுக்குள் விரலால் திணித்து, உச்சிக் கல்லை மேலே வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். தண்ணீரில் பால் மாதிரி வெள்ளை கலங்கியது. இனி இறுகும்வரை கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் மொத்தமும் கண்ணாடிமேல் விழும்.

தேனப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனிதருக்கு இன்று நல்ல மனநிலை.

"கல்லு பளிச்சுனு இருக்கே. அந்தப் பச்சைப் பொத்தான எல்லாம் எப்படி எடுத்த?"

"கொதிக்க வச்சேங்கய்யா."

"கொதிக்க வச்சியா?" தேனப்பன் நிமிர்ந்தார். "அடப்பாவி, அது வெசம்யா. என் மகன் வாங்கும்போதே சொன்னான், வெட்டுனாகூட மூஞ்சிய மூடிக்கணும்னு. அந்த ஆவி நெஞ்சுக்குள்ள போனா ஆளையே சாச்சிருமாம். இத்தன வருசமா இதுல கெடக்குற, உனக்குத் தெரியாதா?"

கனகராஜ் உச்சிக் கல்லை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"உனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"எனக்கு ஒண்ணுமில்லைங்கய்யா."

அது பொய்யில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். சமையல்காரர் எதற்கோ கூப்பிட, தேனப்பன் எழுந்து போய்விட்டார்.

தண்ணீருக்குள் கனகராஜின் இரண்டு கைகளும் கல்லைப் பிடித்திருந்தன. போன் சட்டைப் பையில் இருந்தது. குரல் கொடுத்தால் ஆட்கள் வருவார்கள். கல்லைப் பிடியுங்கள், என் பெண்டாட்டிக்கு முடியவில்லை என்றால் தேனப்பனே கை கொடுத்திருப்பார். கையை விட்டு ஓடியிருந்தால் ஒரு கண்ணாடி போயிருக்கும், அவ்வளவுதான். இதெல்லாம் அவருக்கு அப்போதே தெரியும். ஆனால் கிளினிக்கில் ஜெரபு என்றுதானே சொன்னார்கள் என்று மனம் ஒரு பக்கம் வாதாடியது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று கை மறுபக்கம் பிடித்துக்கொண்டது. பசை இறுகியது. இறுகியபின்னும் அவர் உடனே கையை எடுக்கவில்லை. இணைப்பு தெரியாமலிருக்க விளிம்புகளை விரலால் நீவி, மணலை எடுத்து அதன்மேல் தூவி அழுத்தினார். பழக்கம்தான். பழக்கம் என்று சொல்லி மன்னித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தினேஸ்வரி குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள். போனை எடுக்கக் கூடத்துப் பக்கம் வர முயன்றவள் போலிருந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே கனகராஜ் எதையும் மறைக்கவில்லை. கல், பொத்தான், அண்டா, ஆவி எல்லாவற்றையும் சொன்னார். அந்த இளம் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டாள், யார் யாருக்கோ போன் செய்து விசாரித்தாள். இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது, மூச்சுக்கும் இதயத்துக்கும் முட்டுக்கொடுக்கத்தான் முடியும் என்றாள்.

"முன்னாடியே கொண்டு வந்திருந்தா இவ்வளவு ஆயிருக்காதா டாக்டர்?"

"சொல்ல முடியாதுங்க அங்கிள்" என்றாள். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்கலாம்.

மலைகள் மறுபடி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பதற்குள் தினேஸ்வரி போய்விட்டாள். சாவு வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் காட்டைக் கொளுத்தியவர்களைச் சபித்தார்கள். கனகராஜ் ஒவ்வொருவரையும் திருத்தினார். புகையில்லை, நான் அவித்த கல் என்றார். பித்துப் பிடித்துவிட்டது என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

தர்ஷனா மட்டும் நம்பினாள். நம்பியும் அப்பாவை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "தெரிஞ்சாப்பா செஞ்சீங்க? தெரியாமதானே?" என்று சோற்றைப் பிசைந்து அவர் கையில் வைத்தாள். அவர் அந்தச் சோற்றைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். தேனப்பன் துக்கம் கேட்க வந்து, போகும்போது தயங்கித் தயங்கி, வளைவு அசையாமல் நிற்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியபின் மகள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அது வெசம்னு ஒங்களுக்கு எப்பப்பா தெரிஞ்சிச்சு?"

"அன்னைக்குக் காலைல. செட்டியார் வீட்டுல. கல்லு வச்சிக்கிட்டு இருக்கும்போது."

"தெரிஞ்ச ஒடனே அம்மாவுக்குப் போன் பண்ணீங்களா?"

இல்லை என்று தலையாட்டினால் போதும். வண்டி கிடைக்கவில்லை, போனில் சார்ஜ் இல்லை என்று எதையாவது சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருப்பாள். கேட்டது அவர் மகள்.

"இல்லம்மா. கல்லு காயல. புடிச்சிக்கிட்டு இருந்தேன்."

தர்ஷனா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த அவருடைய கைகளைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்த் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

காலையில் அவர் பஸ் நிலையம் வரைக்கும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், "நான் போறேன்பா" என்றாள்.

எந்தத் தமிழ் வீட்டிலும் பிள்ளைகள் கிளம்பும்போது போறேன் என்று சொல்வதில்லை. போயிட்டு வாரேன் என்பார்கள். தவறிச் சொல்லிவிட்டால் உடனே திருத்திக்கொள்வார்கள். கனகராஜ் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, அவள் திருத்திச் சொல்வதற்காகத் தெருமுனை வரைக்கும் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.