கரைச் சீட்டு வந்தால் ஆட்டம் நிற்கும்

எங்கள் கால்பந்து அணியின் பழைய ரசிகர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. பெரும்பாலும் காலை வணக்கமும் கண்ணீர் அஞ்சலியும்தான் அதில் வரும். எது வந்தாலும் கும்பிடும் கை ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது என் வழக்கம். போன மாதம் யாரோ ஒரு புண்ணியவான், நம் பழைய மைதானத்தில் உங்களால் மறக்கவே முடியாத ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள், சேர்த்துச் சின்னதாக ஒரு மலர் போடலாம் என்று கிளப்பிவிட்டார். குவைத்தில் இருப்பவர், திருப்பூரில் இருப்பவர், வீட்டில் சும்மா இருப்பவர் என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். முக்கால்வாசிப் பேர் எழுதியது ஒரே கோலைப் பற்றி. தேவிபட்டினத்து அணியோடு நடந்த இறுதி ஆட்டத்தில் இன்னாசி தலையால் முட்டிப் போட்ட கோல் அது.

அந்தக் கோலை மைக்கில் சொன்னவன் நான். அதனால் என்னையும் எழுதச் சொல்லி நச்சரித்தார்கள். அங்கே எழுதவில்லை. நீங்கள் அந்தக் குழுவில் இல்லை என்கிற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

மைதானம் என்றதும் பச்சைப் புல்லை நினைத்துக்கொள்ளாதீர்கள். தங்கச்சிமடம் பக்கத்தில், கடலை ஒட்டிய வெறும் பொட்டல். ஆட்டம் இல்லாத நாட்களில் பெண்கள் அங்கே நெத்திலி காயப்போடுவார்கள். ஆட்டத்தன்று மூன்று மணிக்குள் அள்ளிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. எவ்வளவு பெருக்கினாலும் கொஞ்சம் கிடக்கும். சறுக்கி விழுந்து எழுந்தவன் முதுகில் நாலைந்து நெத்திலி ஒட்டியிருக்கும். வெளியூர் அணிக்காரர்கள் வந்து இறங்கியதும் மூக்கைப் பிடிப்பார்கள், இடைவேளையில் எங்களிடமே கருவாடு விலை கேட்பார்கள். இப்போதும் சந்தையில் நெத்திலிக் கருவாட்டு மூட்டையைப் பிரிக்கும்போது என் காதில் விசில் கேட்கிறது. வீட்டில் சொன்னால் டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள்.

கோல்போஸ்ட் இரண்டும் பழைய படகுக் கட்டைகள். வலை, கிழிந்த மீன்பிடி வலை. எங்கள் ஆட்களே கோணூசியால் பின்னிக் கட்டியது என்பதால் அது மட்டும் உலகத் தரம். சறுக்குகிற இடம், பந்து துள்ளாத இடம் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் நாணயம் சுண்டி ஜெயித்தால் முதல் பாதியில் காற்றுக்கு எதிராக ஆடுவோம். இரண்டாம் பாதியில் எதிரணிக்காரன் களைத்திருப்பான், காற்று நம் பக்கம் நிற்கும். இதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அது எல்லாப் படகுக்காரனுக்கும் தெரிந்த விஷயம்.

எனக்கு விளையாட வராது. பந்து என் காலடிக்கு வந்தால் இரண்டு அணியும் சேர்ந்து சிரிக்கும். அப்போது நான் ஒரு இறால் கம்பெனியில் எடை போடும் வேலையில் இருந்தேன். ஐஸ் உடைக்கிற இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திக் குரல் தடித்துப் போயிருந்தது. அந்த ஒரே தகுதியில் மைக்கை என் கையில் கொடுத்தார்கள். கொடுத்த பிறகு யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை.

ஆட்டத் தேதியைக் கடல்தான் முடிவு செய்யும். விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் கடலுக்குப் போகக் கூடாது, முறை வைத்துத்தான் போக வேண்டும். எங்கள் அணியில் பெரும்பாலோர் விசைப்படகுக்காரர்கள். அவர்கள் கரையில் இருக்கும் நாளில்தான் ஆட்டம். அன்றைக்கு நாட்டுப்படகுகள் கடலில் இருக்கும். ஊரில் பாதி மைதானத்தில், பாதி தண்ணீரில்.

அதனால்தான் அந்த வழக்கம் வந்தது. கையில் போன் இல்லாத காலம். ஊரில் இருந்த ஒரே மைக் செட் ஆட்டத்தன்று மைதானத்தில்தான் கட்டியிருக்கும். கடற்கரையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தால், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் நடுவர் விசில் ஊதி நிறுத்த வேண்டும், நான் உடனே அதை வாசிக்க வேண்டும். கரைச் சீட்டு என்போம். இன்னார் படகில் இஞ்சின் நின்றுவிட்டது, இழுத்து வர ஆள் வேண்டும் என்று வாசித்ததும் எங்கள் ஆட்டக்காரர் இரண்டு பேர் அப்படியே கடலைப் பார்த்து ஓடிய நாள் உண்டு. மீதி ஒன்பது பேரோடு ஆடித் தோற்றோம். ஒருமுறை பெனால்டி அடிக்கப் பந்தை வைத்த நேரத்தில், யாருடைய மீன் கூடையோ மாறிவிட்டது என்று ஒரு சீட்டு. அதையும் வாசித்தேன். பெனால்டி அடிக்க நின்றவன் என்னை வைத வசவை இங்கே எழுத முடியாது. ஆனால் வாசிக்காமல் விட்டது கிடையாது. சீட்டைக் கொடுத்தவன் திரும்பிப் பார்க்காமல் போவான். கொடுத்தால் சொல்லிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

இன்னாசிக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். விசைப்படகில் வேலை. ஆள் பனைமரம். உயரப் பந்து எல்லாம் அவன் தலைக்குத்தான் வரும். அவன் அய்யா சவரிமுத்து நாட்டுப்படகுக்காரர். ஆட்டத்தன்று விடியுமுன் கடலுக்குப் போய் அவசரமாகக் கரை திரும்பிவிடுவார், மகன் ஆடும் ஆட்டம் ஒன்றைக்கூடத் தவறவிட மாட்டார், ஆனால் ஒன்றையும் பார்த்ததில்லை. மகன் விழுவதைக் காணப் பொறுக்காமல் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நிற்பார். என் மைக்கை மட்டும் கேட்பார். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "ஏலே, இன்னைக்கு அவன் பேர ஆறு தடவதான் சொன்ன. போன வாட்டி பதினொண்ணு" என்பார். எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான ரசிகர் அவர்தான்.

இறுதி ஆட்டத்தன்றும் வழக்கம்போல நாட்டுப்படகு முறை. காலையில் என்னைப் பார்த்து, "ரெண்டாம் பாதிக்குள்ள வந்துருவேன். அதுக்குள்ள எல்லாக் கோலையும் போட்டு முடிச்சுறாதிய" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேவிபட்டினத்துக்காரர்களிடம் அதற்கு முந்தைய இரண்டு வருடமும் இறுதி ஆட்டத்தில் தோற்றிருந்தோம். அவர்கள் கோல்கீப்பர் சவுதியிலிருந்து லீவில் வந்தவர், மறுநாள் விமானம். அந்த அவசரம் எதுவும் இல்லாமல் சுவர் மாதிரி நின்றார். தொழுகை நேரத்துக்கு ஆட்டம் நின்று மறுபடி தொடங்கியது. ஆளுக்கொரு கோல். இருபத்தைந்து நிமிடம் போல மிச்சம். காற்று எங்கள் பக்கம். அந்த நேரத்தில்தான் சவரிமுத்துவின் படகில் போகும் கிரகோரி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு ஓடினான். சவரிமுத்து மகன் இன்னாசி உடனே வரவும் என்று மட்டும் எழுதியிருந்தது.

படகைக் கரையேற்ற ஆள் தேவைப்படும், வேறு யாராவது தள்ளட்டும் என்று நினைத்தேன். இப்படி நான் நினைத்தது பொய்யில்லை. ஆனால் நினைப்பது என் வேலையும் இல்லை, வாசிப்பதுதான் வேலை. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கால் மணி நேரம் கழித்துக் கிரகோரி மறுபடி வந்தான். மூச்சு வாங்கியது. "அவனக் கூப்புடலியாண்ணே? அய்யாவுக்கு நெஞ்சு வலி. வேன்ல ஏத்திட்டோம். மகன் வராமப் போக மாட்டேங்கிறாரு."

"அஞ்சு நிமிசம்டா" என்றேன்.

"என்னது?"

"இந்தா கூப்புடுறேன். நீ போய் அய்யாவப் பாரு."

அவன் என்னை நம்பிப் போனான். நான் மைக்கை வாயருகே வைத்தேன். எங்களுக்குக் கார்னர் கிடைத்திருந்தது. பந்து உயர்ந்து வந்தது, காற்று அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளியது, இன்னாசி எல்லோருக்கும் மேலே எழுந்தான். கோல். நான் அவன் பெயரைக் கத்தினேன். ஒருமுறை இல்லை, தொண்டை கட்டும் வரை. இன்னாசி, இன்னாசி, இன்னாசி. மைதானமே கூடச் சேர்ந்து கத்தியது. குழுவில் எல்லோரும் எழுதுவது இந்த இடத்தைத்தான்.

கடைசி விசில் ஊதி, அவனைத் தோளில் தூக்கிய பிறகுதான் நான் சீட்டை எடுத்து வாசித்தேன். வேன் அதற்குள் புறப்பட்டுவிட்டது. இன்னாசி ஜெர்சியோடு யாருடைய பைக்கிலோ பின்னால் போனான். ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் சவரிமுத்துவுக்கு உயிர் போய்விட்டது.

அடக்கத்தன்று கிரகோரி கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னை நிறுத்தினான். "மைக்குல நீ பேரச் சொன்னதும் அய்யா சிரிச்சாருண்ணே. கூப்புட்டாச்சு, இந்தா வந்துருவான், இன்னுங் கொஞ்சம் நில்லுங்கன்னாரு. நின்னோம். அவன் வரல. பெறகு நாங்களாத்தான் எடுத்தோம்." அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. சில வருடம் கழித்து ஒரு புயலில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. நான் மைக்கை விட்டேன். தொண்டை சரியில்லை என்று காரணம் சொன்னேன்.

மைதானமும் போயிற்று. ஒருநாள் சர்வேயர் வந்து கல் ஊன்றினார். அந்த நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மீன்தூள் ஆலை வந்தது, மதில் வந்தது. அணிக்கு இப்போது பெரிய ரோட்டுப் பக்கம் கம்பிவேலி போட்ட புது மைதானம், விளக்கு, உட்கார நாற்காலி. நல்ல மைதானம்தான். கடல் தெரியாது.

போன மாதம் குழுவில் எல்லோரும் எழுதி ஓய்ந்த பிறகு, இன்னாசி குரல் பதிவு ஒன்று அனுப்பினான். இப்போது மீன் லோடு வண்டி ஓட்டுகிறான், பின்னால் இஞ்சின் சத்தம். "எங்க அய்யா வேன்ல கெடக்கயில மைக்குல என் பேரக் கேட்டுச் சிரிச்சாருன்னு கிரகோரி மாமா சொன்னாரு. நான் கோல் போட்டது தெரிஞ்சுதான் போயிருக்காரு. எனக்கு அது போதும்ணே."

கிரகோரி அவனுக்குப் பாதியைச் சொல்லி ஆற்றியிருக்கிறான். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான்கு நாள் இருந்தேன். மலரில் அச்சாகப் போகிறது என்று செய்தி வந்ததும் என்னால் முடியவில்லை. அவனுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். அவன் நிம்மதிக்காகச் சொன்னேனா, என் நிம்மதிக்காகச் சொன்னேனா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆலை மதிலுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். தலை முழுக்க நரை. சீட்டைப் பற்றி, கிரகோரி இரண்டாம் முறை வந்ததைப் பற்றி, அவன் அய்யா சிரித்தது எதற்கு என்பதைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"எவ்வளவு நேரம் நின்னுச்சு வேனு?"

"இருவது நிமிசம் இருக்கும்."

"கூப்புட்டுருந்தா வந்துருப்பேன்ணே." குரல் உயரவே இல்லை. "கோலாவது மயிராவது. ஓடி வந்துருப்பேன்."

"தெரியும்டா."

மதில் பக்கம் திரும்பினான். பிறகு, "வேன் எங்கன நின்னுச்சு?" என்று கேட்டான்.

கூட்டத்துக்குப் பின்னால், மணல் பாதை வந்து சேரும் இடத்தில் என்று அடக்கத்தன்று கிரகோரி சொல்லிக் கேட்டிருக்கிறேன். மணல் பாதை இல்லை. கூட்டம் எந்தப் பக்கம் நின்றது என்பதற்கு அடையாளம் இல்லை. மதில், சாக்கடை, ஆலைக் கழிவு கொட்டிய மேடு. கடலும் முன்பு இருந்த இடத்தில் இல்லை, உள்ளே வந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் மதிலோரமாக நடந்தோம். பத்தடிக்கு ஒருமுறை அவன் நின்று, "இங்கனயா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அந்த மைதானத்தின் ஒவ்வொரு குழியும் தெரிந்த எனக்கு எது எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

நாலாவது முறை அவன் கேட்டபோது, "ஆமா, இங்கனதான்" என்றேன்.

இன்னாசி செருப்பைக் கழற்றிவிட்டு, நான் காட்டிய இடத்தில் போய் நின்றான்.